அமெரிக்க உள்நாட்டுப் போர்: அடிமைமுறையா, வரிச்சண்டையா?

கரிசல்காட்டான்:
பக்கத்து இழையில் ஒருவர் "அடிமைகளை விடுவிக்கத்தான் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பள்ளிக்கூடப் பாடம் அப்படித்தான் சொல்லும். தெற்கில் பருத்திக் காடு, வடக்கில் ஆலை. ஆலைக்காரன் பிழைக்க வெளிநாட்டுச் சாமானுக்கு வரி போட்டார்கள், சுமந்தவன் தெற்கத்தியான். 1832-ல் தென் கரோலினா "இந்த வரிச்சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது" என்றே அறிவித்தது, ஜனாதிபதி ஜாக்சன் படையைக் காட்டி மிரட்ட வேண்டியிருந்தது. அப்போது அடிமைப் பேச்சை எடுத்தது யார்? அன்று புகைந்ததுதான் 1861-ல் பற்றிக்கொண்டது. லிங்கனே 1862 ஆகஸ்டில் கிரீலி என்ற பத்திரிகையாசிரியருக்கு, ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமென்றால் அதையே செய்வேன் என்று எழுதினார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

திண்ணைப்பேச்சு:
"யார் எடுத்தது" என்று கேட்டீர்களே, அன்றைய துணை ஜனாதிபதி கால்ஹூன்தான் எடுத்தார். உங்கள் வரிச்சண்டையின் தலைவரே அவர்தான். 1830-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வரி வெறும் சந்தர்ப்பம், உண்மையான காரணம் தெற்கின் அந்தத் தனி வழக்கம் என்று எழுதியிருக்கிறார். அடிமைமுறையைப் பெயர் சொல்லாமல் அப்படிச் சொல்வது அவர்கள் பழக்கம். நம் ஆட்களும் சாதியைப் பெயர் சொல்லாமல் "ஊர் வழக்கம்" என்பார்களே, அந்த மாதிரி.

அப்புறம் தேதியைப் பாருங்கள். வரிச்சண்டை 1833-லேயே சமரசமாகிவிட்டது. 1857-ல் வரி இன்னும் குறைந்தது, அந்தச் சட்டத்தை எழுதியதில் முக்கியமானவர் தென் மாநிலமான வர்ஜீனியாவின் செனட்டர் ஹன்டர். வரியை ஏற்றிய மோரில் சட்டம் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் நிறைவேறியது 1861-ல், ஏழு மாநிலங்கள் பிரிந்து அவர்கள் செனட்டர்களில் பெரும்பாலோர் எழுந்து போன பிறகு. அவர்கள் உட்கார்ந்திருந்தால் அது தேறியிருக்குமா என்பதே சந்தேகம். வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போனவன், போன பிறகு ஏற்றிய வாடகையைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்?

சும்மாவந்தவன்:
வரியை விடுங்கள். மாநில உரிமை என்று ஒன்று இருக்கிறதே சார். சேர்ந்தது நாங்களாக, பிரிவதும் நாங்களாக என்றார்கள். அதில் என்ன தப்பு?

திண்ணைப்பேச்சு:
மாநில உரிமை மேல் அவர்களுக்கு அவ்வளவு பற்று இருந்தால் வடக்கே தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்ற மத்திய அரசின் 1850 சட்டத்தை எதிர்த்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கியதே அவர்கள்தான். தப்பி வந்தவர் என்று பிடித்துக் கொண்டுவந்தால் ஜூரி கிடையாது, பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லவும் முடியாது, ஒரு கமிஷனர் முடிவு செய்வார். "இவர் அடிமைதான்" என்று திருப்பி அனுப்பினால் கமிஷனருக்கு 10 டாலர், விட்டுவிட்டால் 5 டாலர். கூடுதல் எழுத்து வேலைக்குக் கூடுதல் கூலி என்று விளக்கம் வேறு.

1854-ல் பாஸ்டனில் ஆண்டனி பர்ன்ஸ் என்பவரை இந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் நடுவே துறைமுகம்வரை நடத்திப் போனார்கள். தெருவில் பெருங்கூட்டம், கட்டடங்களில் கறுப்புத் துணி. அதுவரை "அது தெற்கத்திக்காரன் பாடு" என்றிருந்த ஆட்கள் பலர் அன்றைக்குத்தான் அடிமைமுறைக்கு எதிராகத் திரும்பினார்கள். வட மாநிலமான விஸ்கான்சினின் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்றது, 1859-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. இதில் மாநில உரிமை பேசியது யார், மத்திய அரசின் கையை முறுக்கியது யார்?

தென் கரோலினாவின் 1860 டிசம்பர் பிரிவினை அறிக்கை இன்னும் சுவாரசியம். வட மாநிலங்கள் அடிமைகளைத் திருப்பித் தரவில்லை, அடிமையோடு நியூயார்க் வழியாகப் பயணம் போகக்கூட அங்குள்ள நீதிமன்றம் விடுவதில்லை என்று அதில் குறை. அதாவது நியூயார்க் தன் மண்ணில் தன் சட்டத்தை வைத்துக்கொண்டதுதான் குற்றம். இறக்குமதி வரி பற்றி அதில் ஒரு குறையும் இல்லை.

கரிசல்காட்டான்:
பாதியைப் படித்துவிட்டுப் பேசாதீர்கள். அந்த அறிக்கையை வெளியிட்ட அதே தென் கரோலினா மாநாட்டில், ரெட் (Rhett) என்ற அரசியல்வாதி எழுதிய இன்னொரு அறிக்கையும் ஏற்கப்பட்டது. அதில் வரிக் குறை நன்றாகவே இருக்கிறது, 1776-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் குடியேற்றங்களுக்குச் செய்ததை இன்று வடக்கு எங்களுக்குச் செய்கிறது என்கிறார்.

திண்ணைப்பேச்சு:
இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? தலைப்பிலேயே "அடிமை வைத்திருக்கும் மாநிலங்களின் மக்களுக்கு" என்று இருக்கிறது. வரிதான் வயிற்றெரிச்சல் என்றால் கோதுமை விற்றுப் பிழைத்த, அடிமை இல்லாத அயோவா மாநிலத்துக்காரனையும் கூப்பிட்டிருக்கலாமே.

மல்லிகை_கோவை:
எனக்கு ஒரு சந்தேகம். தெற்கில் எல்லோரிடமும் அடிமை இல்லையே. பிரிந்துபோன மாநிலங்களில் பத்துக்கு மூன்று வெள்ளைக் குடும்பங்களிடம்தான் இருந்தது என்று படித்திருக்கிறேன். மற்ற ஏழு வீட்டுப் பிள்ளைகள் எதற்காகப் போய்ச் செத்தார்கள்?

 

திண்ணைப்பேச்சு:
நல்ல கேள்வி. முதலில், முன்னால் நின்று பிரிந்த தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் ஏறக்குறையப் பாதிக் குடும்பங்களிடம் அடிமைகள் இருந்தார்கள். இல்லாதவன் வாடகைக்கு எடுத்தான், மாமன் மச்சானிடம் இருந்தது, நாளைக்கு நானும் ஒருவனை வாங்குவேன் என்ற ஆசை இருந்தது. அதைவிடப் பெரியது, எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது என்ற தெம்பு. அது போய்விடும் என்ற பயத்தைத்தான் தலைவர்கள் மேடைக்கு மேடை விற்றார்கள். அடிமைகள் குறைவாக இருந்த மலைப்பகுதிகளில் இந்தச் சரக்கு அவ்வளவாக விலைபோகவில்லை. கிழக்கு டென்னசியில் பெரும்பாலோர் ஒன்றியத்தின் பக்கம் நின்றார்கள், வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி பிய்த்துக்கொண்டு 1863-ல் தனி மாநிலமே ஆனது.

சும்மாவந்தவன்:
அப்படியானால் வடக்கத்தியான் புத்தனா?

கரிசல்காட்டான்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி, டெலவேர் நான்கும் அடிமைகளை வைத்துக்கொண்டே வடக்கின் பக்கம் இருந்தன. 1863-ல் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனம் அந்த நான்கையும் தொடவே இல்லை. 1861 மார்ச்சில், இருக்கும் இடத்தில் அடிமைமுறையை மத்திய அரசு எப்போதும் தொடாது என்று ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தையே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நிறைவேற்றியது, பதவியேற்பு உரையில் லிங்கன் ஆட்சேபணை இல்லை என்றார். இவர்களா விடுவிக்கக் கிளம்பியவர்கள்?

திண்ணைப்பேச்சு:
இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. வடக்கு முதலில் போரிட்டது நாடு உடையக்கூடாது என்பதற்காக. தெற்கு ஏன் போனது என்பது வேறு கேள்வி, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித்தான் இந்த இழையே குழம்புகிறது.

அந்தத் திருத்தம் கையில் இருந்தும் போனவர்கள் ஏன் திரும்பி வரவில்லை? அவர்கள் கேட்டது பழைய நிலம் மட்டும் இல்லை, புது நிலமும். 1820-ல் மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்க்க மெய்னை அடிமை இல்லாத மாநிலமாகச் சேர்த்தார்கள், செனட்டில் தராசு சமமாக நிற்கட்டும் என்று. மெக்சிகோவிடம் பிடுங்கிய நிலம் வந்ததும் தராசு ஆடியது. 1854-ல் கான்சாஸில் குடியேறுபவர்களே முடிவு செய்யட்டும் என்றார்கள், இரண்டு தரப்பும் துப்பாக்கியோடு குடியேறினார்கள். 1856-ல் அதைப் பற்றிப் பேசிய, அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சம்னரை, செனட் மண்டபத்திலேயே, பிரூக்ஸ் என்ற தென் கரோலினா உறுப்பினர் கைத்தடியால் மயங்கி விழும்வரை அடித்தார். தெற்கிலிருந்து பிரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன. வரித் தகராறில் எவனாவது எவனுக்காவது தடி அனுப்பியிருக்கிறானா? புது நிலத்தில் அடிமைமுறை பரவக்கூடாது என்ற அந்த ஒன்றில் மட்டும் லிங்கன் இறங்கிவரவில்லை. பத்துத் தென் மாநிலங்களில் ஒரு வாக்குச்சீட்டுகூட இல்லாமல் அவர் ஜெயித்ததும், இனி செனட்டும் தங்கள் கையில் நிற்காது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

கரிசல்காட்டான்:
கான்சாஸ் கணக்கு சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. தெற்கு போனது அடிமைக்காக என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ரெட்டின் அறிக்கையை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன், தலைப்பு நீங்கள் சொன்னபடிதான், வரிப் பேச்சு ஆரம்பத்திலேயே வருகிறது. அதை எதற்கு முதலில் வைத்தான் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மல்லிகை_கோவை:
அண்ணா, கடன் கேட்டு வருகிறவர் முதலில் மழையைப் பற்றித்தானே பேசுவார்?