பேங்க் ஷாட்: கட்டத்தில்தான் அடிக்கிறேன், ஆனால் விழமாட்டேன் என்கிறது

சிமெண்ட்கோர்ட்
கல்லூரி முடித்துப் பதினோரு வருடம் கழித்து மறுபடியும் கூடைப்பந்தைத் தொட்டிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு, வாக்கிங் வருபவர்களையும் நாலு நாய்களையும் தவிர கிரவுண்டில் யாரும் இல்லாத நேரத்தில், தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நேர் ஷாட் ஓரளவு திரும்ப வந்துவிட்டது. பந்தைப் போர்டில் அடித்து ரிங்கில் விழ வைக்கும் பேங்க் ஷாட்தான் உயிரை வாங்குகிறது. வலது பக்கம் 45 டிகிரியில், போர்டிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்று, ரிங்குக்கு மேலே போர்டில் வரைந்திருக்கும் கட்டத்தின் நடுவைக் குறி வைத்து அடிக்கிறேன். பத்துக்கு ஏழு, ரிங்கின் இடது ஓரத்தில் பட்டு அந்தப் பக்கமாகத் தெறித்துப் போகிறது. பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் கட்டத்தில் அடித்தால் தானாக விழும் என்றுதான் சொல்லித் தந்தார். கட்டத்தில்தானே அடிக்கிறேன்?

பழைய_பிவட்
நடுவில் அடிப்பதுதான் தப்பு. நடு என்பது நேர் எதிரே நிற்பவனுக்கு. வலது பக்கம் நின்றால் கட்டத்தின் வலது மேல் மூலை, இடது பக்கம் நின்றால் இடது மேல் மூலை, கோட்டைத் தாண்டாமல் கொஞ்சம் உள்ளே. அவ்வளவுதான் விஷயம். இன்னொன்று, ரிங்கைப் பார்க்காதீர்கள். கடைசி நொடியில் கண் ரிங்குக்குப் போனால் கையும் பின்னாலேயே போய்விடும்.

கணக்குப்பிள்ளை
மேலே சொன்னது சரி. ஏன் என்று கேட்டால் கணக்கு இப்படி. ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., அதன் உள்விளிம்பு போர்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆக, ரிங்கின் மையம் போர்டிலிருந்து 37.5 செ.மீ. பந்தின் பாதி 12 செ.மீ. என்று கழித்தால், போர்டில் பட்ட பந்து 25.5 செ.மீ. வெளியே வந்தால்தான் ரிங்கின் மையத்துக்கு நேராக வரும். நீங்கள் 45 டிகிரியில் வந்து நடுவில் அடித்தால் பந்து வெளியே வரும் அதே தூரம் பக்கவாட்டிலும் போகும், அதாவது 25 செ.மீ. இடதுபக்கம். ரிங்கின் ஆரமே 22.5 செ.மீ.தான்! அப்புறம் இடது ஓரத்தில் படாமல் எங்கே படும்? எனவே நடுவிலிருந்து ஏறக்குறைய 24 செ.மீ. உங்கள் பக்கம் தள்ளி அடிக்க வேண்டும். கட்டத்தின் அகலம் 59 செ.மீ. என்பதால் அது ஓரக்கோட்டுக்கு ஐந்து செ.மீ. உள்ளே வரும். ரிங்குக்கு எதிரே நகர நகர அந்தப் புள்ளியும் நடுவை நோக்கி நகரும்.

2011இல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கணினியில் லட்சக்கணக்கான ஷாட்களைப் போட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டு அடிக்குள் பல கோணங்களில் பேங்க் ஷாட் நேர் ஷாட்டைவிட இருபது சதவீதம் வரை மேல் என்று வந்தது. கணினிக்குக் கை நடுங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலைநேர_மாஸ்டர்
கணக்கெல்லாம் சரிதான் தம்பி, ஆனால் அந்தக் கணக்கு கண்ணாடி போர்டுக்கு. பத்து வருடம் மழையில் நனைந்த மரப்பலகையில் போல்ட் லூசாக இருந்தால் பந்து சோர்ந்துபோய் ரிங்கின் பின்பக்கத்தில், போர்டை ஒட்டியே விழும். முதல் வேலையாக ரிங்குக்குக் கீழே நின்று கட்டத்தில் நாலு தடவை பந்தை அடித்து, எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். ‘டங்’ என்றால் நல்ல போர்டு. ‘தட தட’ என்று ஆடினால் இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் வேகமாக.

என்னிடம் வரும் பிள்ளைகள் பாதிப்பேர் கெடுப்பது குறியில் இல்லை, வேகத்தில்தான். போர்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் கல் எறிவதுபோல் நேராக விடுகிறார்கள். பந்து மேலே போய், இறங்கும்போதுதான் போர்டைத் தொட வேண்டும். விரல் நுனியில் விட்டால் தானாகப் பின்பக்கம் சுழலும். அந்தச் சுழற்சி இருந்தால் போர்டில் பட்டதும் பந்து கீழ்நோக்கி இறங்கும். உள்ளங்கையால் தள்ளினால் சுழலாது, பலகையில் பட்டு உங்களிடமே ஓடி வரும். பேங்க் ஷாட்டுக்குப் பேர்போன டிம் டங்கன், அமெரிக்க என்.பி.ஏ. லீக்கில் சான் அன்டோனியோ அணிக்கு ஆடி ஐந்து சாம்பியன்ஷிப் வாங்கியவர். அவர் பழைய வீடியோக்களைப் பாருங்கள், அவசரமே இருக்காது. முதலில் இரண்டு மீட்டரில் ஒரு கையால் போடுங்கள், அது விழுந்த பிறகு ஒவ்வொரு அடியாகப் பின்னால் போங்கள். நாலு மீட்டரில் ஆரம்பித்தால் கோபம்தான் வரும்.

சிமெண்ட்கோர்ட்
எல்லாருக்கும் நன்றி. இன்று சாக்பீஸ் எடுத்துப் போய், காவலாளி அண்ணன் ஸ்டூல் பிடிக்க, ஓரக்கோட்டுக்கு உள்ளே இரண்டு பக்கமும் ஒரு வட்டம் போட்டேன். வலது பக்கம் இரண்டு மீட்டரிலிருந்து பத்துக்கு எட்டு! நாலு மீட்டரில் ஐந்து. இடது பக்கம் மூன்றுதான், அதுவும் ஒன்று குருட்டு அதிர்ஷ்டம். மாஸ்டர் சொன்னதுபோல் அடித்துப் பார்த்தால் இடது பக்கம் ‘தட தட’ என்கிறது. ஒரு போல்ட்டே இல்லை, சணல் கயிறு கட்டியிருக்கிறது.

பழைய_பிவட்
நாளைக்கு ஸ்பேனர் கொண்டு போங்கள்.