புதுப்பிப்பு: ஓடை நீரைப் படமெடுக்கும்போது படம் வெளுத்துப்போன சிக்கல்

ஓடும் நீரை வழுவழுப்பாகப் பதிவுசெய்ய கேமராவின் ஷட்டரை 1 விநாடி திறந்துவைத்தால் படம் முழுவதும் வெளுத்துவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். ஒளி நுழையும் லென்ஸ் துளையை எஃப்/22 வரை (இந்த எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) சுருக்குமாறு சிலர் கூறினீர்கள். அதைச் செய்துபார்த்தேன், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 100இல் வைத்தும் 1/15 விநாடிக்கு மேல் போக முடியவில்லை என்பதோடு, அவ்வளவு சிறிய துளையின் ஓரங்களில் ஒளி வளைந்து பரவுவதால் பாறைகளின் கூர்மையும் மங்கியது.

உண்மையில் கைகொடுத்தது, லென்ஸின் முன் பொருத்தும், ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டர்தான். எஃப்/11இல் 1/60 விநாடி சரியாக இருந்த அதே வெளிச்சத்தில், ஃபில்டரைப் பொருத்தியதும் ஏறத்தாழ 1 விநாடி கிடைத்தது.

ஆனால் நான் அவ்வளவு ஆசைப்பட்ட அந்த 1 விநாடிப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. நீர் வெறும் பஞ்சுப்பொதியாகத் தெரிந்தது; கரையோரப் புல்லும் காற்றில் அசைந்து கலங்கியிருந்தது. ஐ.எஸ்.ஓ.வை 400க்கு உயர்த்தி 1/4 விநாடியில் எடுத்தபோதுதான், பாறையைச் சுற்றி வளைந்திறங்கும் நீர் இழை இழையாகப் பிரிந்து, அதன் போக்கு கண்ணுக்குப் புலப்பட்டது. ஃபில்டரைக் கழற்றி 1/1000 விநாடியில் எடுத்த படத்தில், தெறித்த துளிகள் கண்ணாடி மணிகளாக அந்தரத்தில் நிற்கின்றன.

முக்காலியும் 2 விநாடி டைமரும் கட்டாயம் தேவை. ஷட்டர் பொத்தானை விரலால் அழுத்தும் அதிர்வே 1/4 விநாடிப் படத்தைக் கெடுத்துவிடுகிறது.