அணி மாறுவது ஆட்டத்தைக் காக்கவா, லா-7 ஓட்டவா?

பழைய_ரூக்:
ரூக், நைட், பிஷப் என மூன்று அணிகள் இணையத்தில் விமானச் சண்டை போடும் ஏசஸ் ஹை ஆட்டத்தில் எண்ணிக்கை குறைந்த அணிக்கு மாறுபவனே ஆட்டத்தைக் காப்பாற்றுகிறான் என்று ஊர்சுற்றி நேற்று எழுதியிருப்பதைப் படித்தபின் பேசாமலிருக்க முடியவில்லை. ஞாயிறு இரவு ரூக் அணியில் ஆள் பெருகி, கூட்டம் மிகுந்த அணிக்குச் சிறந்த விமானங்களைத் தடுக்கும் ஈ.என்.ஒய். வரம்பு ஏறி, லா-7 போர் விமானம் பூட்டப்பட்ட சில நிமிடங்களிலேயே தாங்கள் நைட் அணிக்குத் தாவியதை இரு கண்ணாலும் பார்த்தேன். தாங்கள் காப்பாற்றியது ஆட்டத்தையா, லா-7 விமானத்தையா?

ஊர்சுற்றி:
ஐயா, அந்த வரம்பு எதற்காக இருக்கிறது? ஈ.என்.ஒய். மதிப்பு 5 என்றால் சிறந்த விமானம், 40 என்றால் ஓட்டை விமானம். கூட்டம் சேர்ந்த அணிக்கு மட்டும் நல்லவற்றைத் தராமல் பூட்டிவைப்பதும், ஆள் குறைந்த அணிக்கு, அரிய விமானங்களை எடுக்க உதவும் பெர்க் புள்ளிகளைக் கூட்டிக் கொடுப்பதும் "அந்தப் பக்கம் போங்கள்" என்று ஆட்டமே சொல்வதுதான். அதைக் கேட்டு நடந்தவன் துரோகி, ஒற்றைத் தளத்தின் மேல் கும்பலாக வட்டமிட்டவர்கள் வீரர்களா? மேலும், அன்று நான் ஓட்டியது லா-7 அல்ல, ஸ்பிட்ஃபயர் 16.

பழைய_ரூக்:
ஸ்பிட்ஃபயர் 16 விமானமும் அன்று எங்களுக்குப் பூட்டப்பட்டுத்தான் இருந்தது. லா-7 பற்றிக் கேட்டால் ஸ்பிட்ஃபயரைக் காட்டுவது பதிலாகாது. 1988இல் ஜீனி என்ற கணினி இணைப்புச் சேவையில் ஏர் வாரியர் என்ற விமானச் சண்டை ஆட்டம் வந்தபோது மணிக்கணக்கில் பணம் கட்டிப் பறந்தவன் நான். அங்கும் மூன்று நாடுகள்தான். தோற்றாலும் என் நாட்டிலேயே கிடந்தேன்.

நைட்109:
நாங்கள் யாரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. சென்ற மாதம் இப்படி வந்த ஒருவர் எங்கள் விமானந்தாங்கிக் கப்பல் நின்ற இடத்தைத் தம் பழைய ஸ்குவாடுக்கு, அதாவது எதிரணியில் தாம் இருந்த குழுவுக்கு, சொல்லிவிட்டார் என்ற ஐயம் எங்களுக்கு இன்றும் உண்டு. மாறியவர் உடனே திரும்ப முடியாது என்ற விதி கால்களைத்தான் கட்டும், வாயைக் கட்டாது.

ஊர்சுற்றி:
அந்த ஒருவர் நான் அல்ல என்பதை எத்தனை முறை எழுதுவது? அணி மாறுவதை இழிவாகப் பேசுவோர் கான்டாகுசினோவை நினைத்துப் பார்க்கட்டும். அமெரிக்கர்களை எதிர்த்துப் பறந்த அந்த ருமேனிய விமானி, 1944 ஆகஸ்ட் 23இல் ருமேனியா நேச நாடுகளின் பக்கம் வந்த சில நாட்களில், தம் மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் உடற்பகுதிக்குள் ஓர் அமெரிக்க அதிகாரியை அடைத்து, வெளியே அமெரிக்கக் கொடியை வரைந்துகொண்டு இத்தாலியின் ஃபோஜியாவுக்குப் பறந்தார். பிறகு ஜெர்மானியர்களோடு போரிட்டார். அவரையும் துரோகி என்பீர்களா?

பழைய_ரூக்:
மாறியது அவருடைய மன்னரும் நாடும். அவர் தம் நாட்டோடுதான் நின்றார். ரூக் நாடு முழுவதும் நைட்டோடு சேர்ந்துவிட்டதாக எனக்குத் தகவல் வரவில்லை. அவர் லா-7 பூட்டப்பட்டதற்காகவும் போகவில்லை.

துப்பாக்கிக்கோபுரம்:
குண்டுவீச்சு விமானம் ஓட்டும் என்னைப் போன்றவர்களை இந்த லா-7 சண்டையில் யாரும் கேட்பதில்லை. மூன்று அணி இருக்கும் களத்தில் இரண்டு அணிகள் மூன்றாவதை மொய்ப்பதுதான் நோய். ஒருவர் மாறுவதால் அது தீருமா?

பழைய_ரூக்:
தாங்கள் உயரத்திலிருந்து குண்டு போட்டுவிட்டு, துணைக்கு யாரும் வரவில்லை என்று அழுவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். பேசப்படுவது லா-7.

துப்பாக்கிக்கோபுரம்:
துணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, எதிரே ஒரு விமானம் தென்பட்டதும் அதைத் துரத்திப் போனவர் தாங்கள்தான். அந்த மூன்று லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களும் என் கணக்கில்தான் விழுந்தன.

பழைய_ரூக்:
அது வேறு கணக்கு. வேறு நாள் பேசலாம். இப்போதும் ரூக் அணிக்கு லா-7 பூட்டித்தான் இருக்கிறது. நான் பழைய ஹரிக்கேனில் பறந்து இருமுறை விழுந்தும் இங்கேயே இருக்கிறேன். ஊர்சுற்றி எங்கே?

ஊர்சுற்றி:
களத்தில்தான் இருக்கிறேன், பிஷப் அணியில். இன்றைக்கு ஆள் குறைந்திருப்பது அங்கேதான்.

பழைய_ரூக்:
எந்த விமானத்தில்?