முதல் பக்கத்தில் யார் வரணும், பாட்டியா துரையா?

சிப்புட் தோட்டத்தான்
மலேசியா, பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவல் முடித்துவிட்டேன். லண்டன் இலக்கிய முகவர்களுக்கு அனுப்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பலர் கேட்பது ஒரு கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் அல்லது 10,000 சொல். என் முதல் அத்தியாயத்தில் பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நடக்கிறாள், தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசிக்கிறார், அவ்வளவுதான். 1948 ஜூன் 16 அன்று துரைமார் கொலையானது எட்டாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. படித்துப் பார்த்த நண்பர், கொலையைத் தூக்கி முதல் பக்கத்தில் வை என்கிறார். மொத்தம் 131,000 சொல். என்ன செய்யலாம்?

கிள்ளான்காரி
நண்பர் சொல்வதுதான் சரி. நானும் அனுப்பிப் பார்த்தவள், தம்பி. 23 பேருக்கு அனுப்பினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை; பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். எட்டாம் அத்தியாயத்தில் என்ன இருந்தாலும் அவர்கள் கண்ணில் படாது. முதல் நாவலுக்கு 80,000 முதல் 100,000 சொல் வரை இருந்தால்தான் தயங்காமல் எடுத்துப் பார்ப்பார்கள். முதலில் வெட்டுங்கள்.

பழைய வாத்தியார்
எந்தக் கொலை என்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அன்று காலை இந்த வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதை ஒட்டித்தான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது, 1960 வரை நீண்டது. வெள்ளைக்காரன் எழுதினால் அங்கேதான் தொடங்குவான். நாமும் அங்கேயே தொடங்கினால், துரை செத்த பிறகுதான் தொழிலாளர் லயத்தில் ஆள் குடிவந்தது போல ஆகிவிடும். பெரட்டுக் களம் இருக்கட்டும், தம்பி.

கிள்ளான்காரி
ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் பெயர் வாசிப்பதை எத்தனை பக்கம் படிப்பது? நான் எஸ்டேட்டில் பிறந்தவள், எனக்கே கொட்டாவி வரும்.

ஒட்டுக்கடை
லண்டன் எதற்கு? தமிழில் எழுதி, சொந்தக் காசில் அச்சடித்து, மண்டபம் எடுத்து வெளியீடு வையுங்கள். தலைவர் மாலை வாங்கிக்கொண்டு முதல் நூலுக்குப் பணக் கவர் கொடுப்பார். முகவர், கமிஷன் ஒன்றும் வேண்டாம்.

கிள்ளான்காரி
மிச்சம் கட்டிலுக்கடியில் போகும். என் அப்பா போட்ட புத்தகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, கரையானோடு. முகவருக்குக் கமிஷன் உள்நாட்டு விற்பனையில் 15 விழுக்காடு, மொழிபெயர்ப்பு உரிமையில் 20. அதுவும் புத்தகம் விலைபோனால்தான். முன்பணமாக ஒரு வெள்ளி கேட்டாலும் அவன் முகவரே இல்லை. தம்பி, அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்புட் தோட்டத்தான்
நேற்று ராத்திரி எட்டாம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். கொலையை நான் துப்பாக்கிச் சத்தத்தோடு எழுதியிருக்கிறேன், பாட்டி அதைக் கேட்டதே இல்லை. அவள் பால் வெட்டும் மர நிரையில் நின்றிருந்தாள். அவள் எப்போதும் சொன்னது வேறு: "அன்னிக்கு யாரும் பால் எடுக்கச் சொல்லல." மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் மங்கு நிறைந்து, பால் அப்படியே கட்டிவிட்டது. மறுநாள் கட்டிப்பாலை விரலால் தோண்டி எடுத்தார்களாம், நாற்றம் சோற்றிலும் வந்ததாம். இதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

கிள்ளான்காரி
அடடா. இதுதான் முதல் பக்கம்! வெட்டிய பால் எடுக்காமல் கிடக்கிறது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நானாக இருந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

பழைய வாத்தியார்
இதுவும் ஜூன் 16தானே? சுற்றி வந்து துரை வாசலில்தான் நிறுத்துகிறீர்கள்.

சிப்புட் தோட்டத்தான்
துரை பெயரே வராது ஐயா. பெரட்டு இருக்கும், ஆனால் அந்த ஒரு விடியற்காலைப் பெரட்டு, ஒன்றரைப் பக்கம். கதைச்சுருக்கத்தில் மட்டும் முடிவுவரை எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், அங்கே கொலையை மறைக்க முடியாது. அப்புறம் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல், தொழிலாளர் சந்தாவில் தோட்டம் வாங்க 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, இவற்றுக்கு எழுதிய நான்கு அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன்.

பழைய வாத்தியார்
சங்கத்தையுமா? அதைத் தொடங்கிய அமைச்சர் சம்பந்தனின் பழைய தொகுதியில் உட்கார்ந்துகொண்டு அதை வெட்டுகிறீர்களே! என் அம்மா மாதாமாதம் சந்தா கட்டிய அட்டையைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கிள்ளான்காரி
இரண்டாவது நாவலுக்கு வையுங்கள், ஐயா அட்டையைக் கடன் கொடுப்பார்.

பழைய வாத்தியார்
கொடுக்கிறேன். ஆனால் பெரட்டு, மங்கு, கிராணிக்கெல்லாம் பின்னால் ஆங்கில அகராதி போட்டால் புத்தகத்தைக் கையால் தொட மாட்டேன்.

சிப்புட் தோட்டத்தான்
போட மாட்டேன் ஐயா. இன்னும் 30,000 சொல் வெட்ட வேண்டியிருக்கிறது, அகராதிக்கு எங்கே இடம்?