சம்பந்தி வீட்டுப் பட்டாளம்

குழு: தஞ்சாவூர் வீடு 🏠

சனிக்கிழமை

அக்கா (சார்லஸ்டன், அமெரிக்கா): பையனுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யார் யார் எந்தப் போருக்குப் போனார்கள் என்று தேடி எழுத வேண்டுமாம். மூன்று வாரமாக வீடு முழுக்கக் காகிதம்தான்.

பெரியப்பா: பட்டாளம் என்றால் என்னைக் கேட்க வேண்டியதுதானே? 71-இல் நாங்கள்...

அக்கா: பெரியப்பா, இது அமெரிக்கப் போர்கள். உங்கள் கதை அடுத்த வருஷம் 😄

பெரியப்பா: சரி சரி. சம்பந்தி வீட்டில் எத்தனை பேர்?

அக்கா: இதுவரை நான்கு. என் மாமனார் வியட்நாம். அவர் அப்பா இரண்டாம் உலகப் போர். தாத்தா முதல் உலகப் போர். எள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போர், 1860களில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கொண்டது.

நான்: கொள்ளுத்தாத்தா?

அக்கா: அவர் காலத்தில் ஸ்பெயினோடு சண்டை வந்தது. ஆனால் அவர் போகவில்லை. நெல் வயல்தான்.

அம்மா: நெல்லா? அமெரிக்காவிலா?

அக்கா: ஆமாம் அம்மா. இந்தக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் நெல். கடல் ஏறும்போது ஆற்று நீர் மேலே வரும், மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். வேலை செய்தது எல்லாம் அடிமைகள். இவர்கள் வீட்டில் இன்றைக்கும் மூன்று வேளையும் சோறு இறங்கும். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததே அந்தச் சோறுதான்.

சித்தி: 😂😂 அத்தானிடம் சொல்லிவிடாதே

அக்கா: எள்ளுத்தாத்தா அப்படி ஒரு வயலில் பிறந்தவர். 1861 நவம்பர் 7 அன்று வடக்கு மாநிலங்களின் கப்பற்படை வந்து இந்தக் கடற்கரையில் போர்ட் ராயல் என்ற இடத்தில் பீரங்கி அடித்தது. முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். கறுப்பர்களைச் சேர்த்துப் படை கட்டினார்கள், இவரும் சேர்ந்தார். முதலில் முதலாம் தென் கரோலினா தொண்டர் படை என்று பெயர். 1864-இல் 33ஆம் அமெரிக்கக் கறுப்பர் படைப்பிரிவு என்று மாற்றினார்கள். போர் முடிவதற்குள் நாடு முழுக்க அப்படி ஏறக்குறைய 1 லட்சத்து 79 ஆயிரம் கறுப்பர்கள் சேர்ந்திருந்தார்கள்.

பெரியப்பா: சம்பளம்?

அக்கா: அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதில் துணிக்கு 3 பிடித்துக்கொண்டு கையில் 7. 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சமமாக்கியது.

பெரியப்பா: துணிக்குப் பிடிப்பதா! அநியாயம்.

சித்தி: இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது?

அக்கா: வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில். படைப்பதிவு அட்டையில் ஒன்றும் பெரிதாக இல்லை, உயரம், வயது, எங்கே சேர்ந்தார், அவ்வளவுதான். விஷயம் இருப்பது அவர் மனைவியின் பென்ஷன் காகிதக் கட்டுக்குள். அடிமைக் கல்யாணத்துக்குச் சட்டத்தில் பதிவே கிடையாது. அதனால் கைம்பெண் பென்ஷன் கேட்டால் அதிகாரி ஊருக்கே வந்து அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்து வாக்குமூலம் வாங்குவார். யாரிடம் இருந்தீர்கள், எப்போது சேர்ந்து வாழ ஆரம்பித்தீர்கள், எத்தனை பிள்ளை. 1870 கணக்கெடுப்புக்கு முன்னால் இந்த மக்களில் அடிமையாக இருந்தவர்கள் பெயரே மக்கள் கணக்கில் கிடையாது. அதனால் இந்தக் கட்டுதான் எங்களுக்கு எல்லாம்.

அக்கா: 📷 புகைப்படம்

அக்கா: அடியில் பாருங்கள். கிழவியின் பெயரை அதிகாரி எழுதியிருக்கிறார், நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். அதுதான் அவள் கையெழுத்து.

நான்: ஒரு கோடு அழுத்தமாக, ஒரு கோடு நடுங்கி.

அக்கா: தலைப்பிள்ளை எப்போது பிறந்தான் என்று கேட்கிறார்கள். "பெரிய பீரங்கி வெடித்ததற்கு அடுத்த அறுவடையில்" என்கிறாள். தேதி தெரியாது.

அம்மா: 🎤 குரல் பதிவு (0:41)

நான்: அம்மா பேசியதை எழுதிவிடுகிறேன், சித்திக்குப் பேருந்தில் கேட்காது. "நானும் அப்படித்தான். 52 புயலுக்கு அடுத்த மாசம் பிறந்தேன் என்று என் அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தானாக ஜூன் என்று போட்டுவிட்டார். இன்றைக்கும் ஆதாரில் ஜூன்தான்."

சித்தி: அதனால்தான் உன் அம்மாவுக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாளா!

ஞாயிற்றுக்கிழமை

சித்தி: 🌸 இனிய காலை வணக்கம் 🌸

அக்கா: பெரியப்பா, முதல் உலகப் போர்த் தாத்தாவின் பதிவு அட்டை இணையத்திலேயே கிடைத்தது. 1917 ஜூன் 5 அன்று எழுதியது. இடது பக்கக் கீழ் மூலை இல்லை.

நான்: எலி கடித்ததா?

அக்கா: இல்லைடா. அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, ஆப்பிரிக்க வழி வந்தவர் என்றால் இந்த மூலையைக் கிழிக்கவும் என்று. எழுத்தர் கிழித்திருக்கிறார். பையன் அதைப் பார்த்துவிட்டுப் போனவன் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தான்.

பெரியப்பா: எந்தப் படை?

அக்கா: 371ஆம் காலாட்படை. கேம்ப் ஜாக்சனில் கட்டியது. அமெரிக்கத் தளபதிகள் இவர்களைத் தங்களோடு நிறுத்தவில்லை, பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தொப்பி, பிரெஞ்சுத் துப்பாக்கி. அதே படையில் ஃப்ரெடி ஸ்டவர்ஸ் என்ற கார்ப்பரல் 1918 செப்டம்பர் 28 அன்று இறந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் 1991-இல்தான் வந்தது. அவருடைய தங்கைகள் வாங்கிக்கொண்டார்கள்.

பெரியப்பா: 73 வருஷம்!

அக்கா: ஆனால் தாத்தாவின் முழுக் கோப்பு இல்லை. அவர் மகனுடையதும் இல்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பக்கம் இருந்த ராணுவக் கோப்பு நிலையத்தில் தீ. ஆறாவது மாடி முழுக்கப் போய்விட்டது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கோப்புகள். 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களில் 80 சதவீதம் பேருடையது. நகல் கிடையாது.

பெரியப்பா: நகல் எடுக்காமல் இருப்பார்களா? படையை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை நான் இன்றைக்கும் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அக்கா: அதே புத்திதான் காப்பாற்றியது. போர் முடிந்து வந்தவர்கள் பலர் டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுபோய், நிலப் பத்திரம் பதியும் இடத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். மாமனாரின் அப்பாவும் 1945-இல் பதிந்திருக்கிறார். லாரி ஓட்டுநர். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்று ஒரு லாரி வரிசை ஓடியது, முன்னால் போன டாங்கிகளுக்கு எண்ணெய், குண்டு, சோறு. ஓட்டியவர்களில் முக்கால்வாசி கறுப்பர்கள். இவர் அதில்தான்.

நான்: அத்தான் ஏன் அப்படி வண்டி ஓட்டுகிறார் என்று இப்போது புரிகிறது.

அக்கா: 😂

அம்மா: சம்பந்தி தன் கதையைச் சொன்னாரா?

அக்கா: அவர்தான் வாயே திறக்க மாட்டார். பையன்தான் கண்டுபிடித்தான். யாரைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவது என்று 1969 டிசம்பர் 1 அன்று தொலைக்காட்சியில் குலுக்கல் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிச் சாடியில் 366 நீலக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் எடுத்தது செப்டம்பர் 14. கடைசி ஜூன் 8. 195 வரை வந்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

நான்: சம்பந்தி மாமாவின் பிறந்தநாள் பிப்ரவரி 14 அல்லவா?

அக்கா: நான்காவது எண்.

சித்தி: ஐயோ.

அக்கா: பையன் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "என் கூட்டாளிக்கு 300க்கு மேல். அவன் அன்றைக்கு எனக்கு பீர் வாங்கிக் கொடுத்தான்" என்றார். அவ்வளவுதான், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பெரியப்பா: விடு. நாங்களும் அப்படித்தான்.

அக்கா: நீங்களா பெரியப்பா? 🙄

பெரியப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அக்கா: மே மாதக் கடைசித் திங்கள் இங்கே போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். பொஃபர்ட்டில் ராணுவக் கல்லறை இருக்கிறது, எள்ளுத்தாத்தாவும் அங்கேதான். எல்லோரும் போகிறோம். கல்லில் அவர் பெயரில் ஓர் எழுத்து தப்பு. திருத்தச் சொல்லலாமா என்று மாமனாரைக் கேட்டேன், வேண்டாம் என்கிறார்.

பெரியப்பா: என் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் அப்பா பெயர் தப்புதான்.

அம்மா: கல்லுக்கு முன்னால் சோறு வைக்கலாமா அங்கே?

அக்கா: தெரியவில்லை அம்மா. கேட்டுச் சொல்கிறேன்.

அம்மா: கேட்காதே. வைத்துவிடு.