பழைய லேப்டாப்பில் பிசிஎம்சிஐஏ சீரியல் கார்டு: எக்ஸ்பியிலேயே ஓட்டுவதா, லினக்ஸ் போடுவதா, தூக்கிப் போடுவதா?

கஞ்சிக்கோடு_லேத்:
எல்லாருக்கும் வணக்கம். கஞ்சிக்கோட்டில் சின்னதாக ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய சிஎன்சி லேத் ஒன்று இருக்கிறது. புரோகிராம் ஏற்ற ஆர்எஸ்-232 என்கிற பழைய சீரியல் போர்ட் ஒன்றுதான் வழி. அதற்கென்று ஒதுக்கிய லேப்டாப்பும் பழசு: பென்டியம் எம், விண்டோஸ் எக்ஸ்பி, சீரியல் போர்ட் கிடையாது, பக்கவாட்டில் பிசி கார்டு ஸ்லாட் (பிசிஎம்சிஐஏ என்பதும் இதுதான்) உண்டு. கோயம்புத்தூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் ஒற்றை போர்ட் சீரியல் கார்டு கிடைத்தது. சிடி இல்லை. செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 12. டிரைவர் தேடிப் போனால் டவுன்லோட் தளங்கள் வேறு என்னென்னவோ தலையில் கட்டுகின்றன.

யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் போட்டும் பார்த்தாயிற்று. சின்ன புரோகிராம் ஒழுங்காக ஏறுகிறது. பெரிய புரோகிராம் என்றால் பாதியில் லேத்தின் கன்ட்ரோலர் அலாரம் அடித்து நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

வாளையார்_எக்ஸ்பிரஸ்:
அண்ணா, நேராகச் சொல்கிறேன், கோபிக்காதீங்க. அந்த ஸ்லாட்டுக்கு வயசு முப்பதுக்கு மேல் ஆகிறது. பிசிஎம்சிஐஏ தரத்தின் முதல் பதிப்பு 1990. அதற்கு அடுத்து வந்த எக்ஸ்பிரஸ்கார்டே போய்ச் சேர்ந்துவிட்டது. எஃப்டிடிஐ கம்பெனியின் நல்ல சிப் உள்ள யூஎஸ்பி கன்வெர்ட்டரை வாங்கி இப்போதைய லேப்டாப்பில் போடுங்க, வேலை முடிந்தது. ஒரு நாள் மிஷின் நின்றால் போகிற காசு அந்த கேபிள் விலையைவிட அதிகம்.

சித்தூர்_மாஷ்:
தூக்கிப் போடத் தேவையில்லை. டெபியன் 12 என்கிற லினக்ஸின் 32 பிட் பதிப்பைப் போடுங்கள். சிடி வேண்டாம், டிரைவர் தேட வேண்டாம். 16 பிட் சீரியல் கார்டுகளுக்கான சீரியல்_சிஎஸ் டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடேயே வருகிறது. செருகினதும் பிசிகார்டுசிடிஎல் ஐடென்ட் என்று ஒரு கட்டளை கொடுத்தால் கார்டு தன் பேரைத் தானே சொல்லும். எங்கள் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளே ஐடி@ஸ்கூல் (கேரளப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம்) காலத்தில் இருந்து லினக்ஸில் பரீட்சை எழுதுகிறார்கள். பட்டறையில் இருக்கிற பெரியவர்களுக்கு என்ன பயம்?

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

பீளமேடு_ஹார்டுவேர்:
மாஷே, இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். அவர் சொன்ன எரர் என்ன? கோட் 12. டிரைவர் இல்லை என்றால் கோட் 28 வரும். டிரைவர் இருந்தும் டிவைஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் கோட் 10. 12 என்றால் 'இந்த டிவைஸுக்குக் கொடுக்கப் போதுமான ரிசோர்ஸ் காலியாக இல்லை' என்று விண்டோஸ் சொல்கிறது. அதாவது ஐஆர்க்யூ (டிவைஸ் பிராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் எண்) அல்லது ஐஓ போர்ட் அட்ரஸ் (டேட்டா போய்வரும் முகவரி) கிடைக்கவில்லை. எக்ஸ்பிக்குக் கார்டு என்னவென்று தெரிந்துவிட்டது, உட்கார வைக்க இடம்தான் இல்லை. இதற்குப் போய் ஓஎஸ்ஸையே மாற்றுவதா?

அந்த லேத் சாஃப்ட்வேர் எக்ஸ்பியில் பழகிய சாஃப்ட்வேர். ஆபரேட்டர் கை அதில் பழகியிருக்கிறது. அந்த லேப்டாப்பை நெட்டில் போடவே வேண்டாம், அப்புறம் 2014-ஐப் பற்றி என்ன கவலை.

சித்தூர்_மாஷ்:
நெட் இல்லாவிட்டால் வைரஸ் வராதா? புரோகிராம் அந்த லேப்டாப்புக்குள் எப்படி வருகிறது? பென் டிரைவில்தானே. எக்ஸ்பி காலத்து ஆட்டோரன் வைரஸ் எல்லாம் பென் டிரைவ் வழியாகத்தான் ஊரைச் சுற்றியது.

ரிசோர்ஸ் விஷயத்துக்கும் வருகிறேன். லினக்ஸில் கார்டு ஸ்லாட்டை நடத்தும் கார்ட்பஸ் பிரிட்ஜ் சிப்பை யென்டா டிரைவர் பார்த்துக்கொள்கிறது. 16 பிட் கார்டாக இருந்தாலும் அதன் இன்டரப்டை பிரிட்ஜின் பிசிஐ இன்டரப்ட் வழியாகவே அது அனுப்ப முடியும். தனியாக ஒரு பழைய ஐஎஸ்ஏ பாணி ஐஆர்க்யூ தேடி அலைய வேண்டாம்.

பீளமேடு_ஹார்டுவேர்:
அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐஓ போர்ட்? லினக்ஸிலும் கான்ஃபிக்.ஆப்ட்ஸ் ஃபைலில் எந்த அட்ரஸை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதுகிற வழக்கம் சும்மாவா வந்தது? தப்பான அட்ரஸைத் தடவிப் பார்த்து மிஷின் உறைந்து போனதால் வந்தது. 'லினக்ஸ் போட்டால் தானாகவே ஓடும்' என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவீர்கள். வேலை நேரத்தில் ஓடவில்லை என்றால் அவர் யாரைக் கூப்பிடுவார்?

சித்தூர்_மாஷ்:
என்னைக் கூப்பிடட்டும். கொழிஞ்சாம்பாறைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் என்ன தூரம்?

மீனாட்சிபுரம்_பழையஆள்:
இரண்டு பேரும் சண்டையை அப்படி வையுங்கள். முதலில் அது எந்தக் கார்டு என்று யாராவது கேட்டீர்களா? டாஸ் காலத்தில் கார்டு சர்வீஸஸ், சாக்கெட் சர்வீஸஸ் என்று கான்ஃபிக்.சிஸ்ஸில் வரிவரியாக எழுதின ஆள் நான். அன்றும் இன்றும் முதல் கேள்வி இதுதான்.

தம்பி, கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். துளை இருக்கும் முனையின் மேல் பக்கம் சின்னச் சின்ன மேடுகளோடு பொன்னிறத் தகடு ஓடினால் அது பெரும்பாலும் கார்ட்பஸ்: 32 பிட், 3.3 வோல்ட், உள்ளுக்குள் பிசிஐ. தகடு இல்லாவிட்டால் அனேகமாக 16 பிட். கார்ட்பஸ் ஸ்லாட்டில் 16 பிட் கார்டு ஓடும். பழைய 16 பிட் ஸ்லாட்டில் கார்ட்பஸ் கார்டு உள்ளேயே போகாது, ஓரத்தில் இருக்கிற கீ தடுக்கும். போகவில்லையே என்று அமுக்க வேண்டாம். உள்ளே 68 பின். ஒன்று வளைந்தால் ஸ்லாட்டே போச்சு.

சாஃப்ட்வேரிலும் உறுதிப்படுத்தலாம். டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் குறியை டபுள் கிளிக் செய்து, டீட்டெயில்ஸ் டேபில் ஹார்டுவேர் ஐடி பாருங்கள். அது பிசிஎம்சிஐஏ என்று ஆரம்பித்து கம்பெனி பேரும் மாடல் பேரும் வந்தால் 16 பிட். பிசிஐ என்று ஆரம்பித்து வென், டெவ் என்று நாலு நாலு எழுத்து எண்கள் வந்தால் கார்ட்பஸ். அந்த எண்ணை வைத்துத்தான் டிரைவர் தேட வேண்டும். கார்டு மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை வைத்துத் தேடக்கூடாது. ஒரே ஸ்டிக்கருக்குள் வேறு வேறு சிப் வைத்து விற்ற காலம் அது.

கஞ்சிக்கோடு_லேத்:
நன்றி சார். பார்த்துவிட்டேன். பொன்னிறத் தகடு இல்லை. ஐடி பிசிஎம்சிஐஏ என்றுதான் ஆரம்பிக்கிறது.

மீனாட்சிபுரம்_பழையஆள்:
அப்படியானால் 16 பிட். இந்த மாதிரி சாதாரண சீரியல் கார்டுகள் பலவற்றுக்கு எக்ஸ்பியில் இருக்கிற பொது சீரியல் டிரைவரே போதும், சிடியே தேவைப்படாது. இப்போது பயாஸுக்குள் போங்கள். இன்ஃப்ராரெட் போர்ட், பேரலல் போர்ட், உள் மோடம் எது எது ஆன் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். இன்ஃப்ராரெட் பெரும்பாலும் காம் 2 (இரண்டாவது சீரியல் போர்ட்) இடத்தில், அதாவது ஐஆர்க்யூ 3-இல், உட்கார்ந்திருக்கும். பேரலல் போர்ட் ஐஆர்க்யூ 7. இரண்டையும் நீங்கள் தொடப்போவதில்லை, டிஸேபிள் செய்யுங்கள். சில லேப்டாப்பில், முக்கியமாகப் பழைய தோஷிபாக்களில், பிசி கார்டு கன்ட்ரோலர் மோட் என்றே ஒரு வரி இருக்கும். ஆட்டோ, கார்ட்பஸ்/16 பிட், பிசிஐசி கம்பாட்டிபிள் என்று. முதலில் ஆட்டோ. ஓடாவிட்டால் மட்டும் மற்றதை மாற்றிப் பாருங்கள்.

வாளையார்_எக்ஸ்பிரஸ்:
இத்தனையும் செய்ய வேண்டிய நிலைமையே என் கட்சிக்கு ஆதரவுதான். பயாஸ், ஐஆர்க்யூ, பின்... யூஎஸ்பி கேபிளைச் செருகினால் முடிந்தது.

பீளமேடு_ஹார்டுவேர்:
அவர் கேபிள் செருகித்தானே அலாரம் வாங்கியிருக்கிறார்! காரணத்தையும் சொல்கிறேன், கேளுங்க. பழைய கன்ட்ரோலரில் மெமரி கொஞ்சம். நிரம்பினதும் 'நிறுத்து' என்று எக்ஸ்ஆஃப் எழுத்து ஒன்றை அனுப்பும். கம்ப்யூட்டர் உடனே நிறுத்த வேண்டும். யூஎஸ்பியில் டேட்டா பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. எக்ஸ்ஆஃப் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்வதற்குள், கிளம்பிவிட்ட பொட்டலம் போய்க்கொண்டே இருக்கும். கன்ட்ரோலரில் இடமில்லை, அலாரம். நிஜமான சீரியல் கார்டில் இருக்கிற 16550 சிப்பில் ஃபிஃபோ (அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளின் வரிசை) வெறும் 16 பைட். நிறுத்து என்றால் அதிகம் போனால் அந்த 16 எழுத்தோடு நிற்கும். வேண்டுமானால் போர்ட் செட்டிங்கில் ஃபிஃபோவை இன்னும் குறைக்கலாம், அடியோடு அணைக்கவும் செய்யலாம். இதுதான் கார்டு பக்கம் இருக்கிற நியாயம். பழசின் மேல் பாசம் எல்லாம் இல்லை.

வாளையார்_எக்ஸ்பிரஸ்:
அது கண்ட கேபிளுக்குச் சரி. எஃப்டிடிஐ சிப்பில் எக்ஸ்ஆன் ('தொடர்'), எக்ஸ்ஆஃபை சிப்பே பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, கம்ப்யூட்டர் வரை வர வேண்டாம். லேட்டன்ஸி டைமர் (வந்த டேட்டாவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) வேறு 16 மில்லிசெகண்டில் இருக்கும், அதை 1-க்குக் குறைக்கலாம். செட்டிங்கைத் தொடாமல் யூஎஸ்பி சரியில்லை என்பது நியாயம் இல்லை.

பீளமேடு_ஹார்டுவேர்:
ஒரிஜினல் சிப்பாக இருந்தால் நீங்கள் சொல்வது உண்மை. 2014-இல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? எஃப்டிடிஐயின் புது விண்டோஸ் டிரைவர் போலி சிப்களின் புராடக்ட் ஐடியை (விண்டோஸ் அடையாளம் காணும் எண்) சைபராக்கியது. நேற்று வரை ஓடின கேபிள்கள் எல்லாம் செத்த மாதிரி ஆகிவிட்டன. அவ்வளவு போலி சந்தையில் இருந்தது. காந்திபுரத்தில் ஒரு கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்து உள்ளே எந்த சிப் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

வாளையார்_எக்ஸ்பிரஸ்:
சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்பிக்கையான இடத்தில் பில்லோடு வாங்க வேண்டும் என்பது மட்டும்தான்.

கஞ்சிக்கோடு_லேத்:
பயாஸில் இன்ஃப்ராரெட் ஆன் ஆகித்தான் இருந்தது. அதையும் பேரலலையும் அணைத்தேன். மஞ்சள் குறி போய்விட்டது! எக்ஸ்பி தன் டிரைவரையே போட்டுக்கொண்டு கம்யூனிகேஷன்ஸ் போர்ட், காம் 7 என்று காட்டுகிறது. ஆனால் எங்கள் டிரான்ஸ்ஃபர் சாஃப்ட்வேரில் காம் 1 முதல் 4 வரைதான் தேர்ந்தெடுக்க முடிகிறது. போர்ட் செட்டிங், அட்வான்ஸ்டு போய்ப் பார்த்தால் 2, 3, 4 எல்லாம் 'இன் யூஸ்' என்கிறது. ஒன்றும் மாட்டியிருக்கவில்லையே.

பீளமேடு_ஹார்டுவேர்:
முன்னால் செருகிக் கழற்றின யூஎஸ்பி கேபிள்கள் எல்லாம் ஆளுக்கொரு நம்பரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, செட் டெவ்எம்ஜிஆர்_ஷோ_நான்ப்ரெசென்ட்_டிவைசஸ் என்ற வேரியபிளுக்கு 1 கொடுங்கள் (அத்தனையும் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், சின்ன அடிக்கோட்டோடு). அதே விண்டோவில் இருந்தே டெவ்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி ஓட்டுங்கள். வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ். போர்ட்ஸ் பகுதியில் மங்கலாகத் தெரிகிற பழையவற்றை அன்இன்ஸ்டால் செய்தால் நம்பர் காலியாகும். அப்புறம் உங்கள் கார்டுக்கு காம் 3 கொடுங்கள். இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டதால் 2-உம் கிடைக்கலாம், ஆனால் நாளை யாராவது பயாஸை டீஃபால்ட்டுக்கு மாற்றினால் மறுபடி முட்டும்.

சித்தூர்_மாஷ்:
லினக்ஸில் இந்தப் பேய் போர்ட் பிரச்சினையே இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பீளமேடு_ஹார்டுவேர்:
அங்கே 'பெர்மிஷன் டிநைடு' வரும். யூசரை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் சேர்க்காமல் அரை நாள் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

சித்தூர்_மாஷ்:
ஒரு கட்டளையில் தீருகிற விஷயம் அது. சரி, இவருடைய லேத்துக்கு எக்ஸ்பியே இருக்கட்டும், ஓடுகிறதே. ஆனால் பொதுவாகப் படிக்கிறவர்களுக்கு: பழைய வைஃபை கார்டு வைத்திருப்பவர்கள் லினக்ஸ் என்றால் பதிப்பைப் பார்த்துப் போடுங்கள். 2024 மார்ச்சில் வந்த 6.8 கெர்னலில் ஒரினோகோ, ஹோஸ்ட்ஏபி போன்ற பழைய வைஃபை டிரைவர்களை நீக்கிவிட்டார்கள். டெபியன் 12-இல் இருப்பது 6.1, அதனால் அதில் கவலை இல்லை. டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. ஆரம்பகாலப் பென்டியம் எம் என்றால் பிஏஇ (அதிக மெமரியைக் கையாளும் பிராசஸர் வசதி) கேட்காத 686 கெர்னலை எடுங்கள்.

வாளையார்_எக்ஸ்பிரஸ்:
பார்த்தீர்களா, லினக்ஸும் கையை விரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது அதைத்தான். அந்த லேப்டாப் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் போகும். அன்றைக்கு இந்த பயாஸ் செட்டிங், காம் நம்பர் எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மீனாட்சிபுரம்_பழையஆள்:
இது நியாயமான பேச்சு. தம்பி, இப்போதே டிஸ்க்கை முழுசாக இமேஜ் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். செட்டிங்கைத் தாளில் எழுதி லேப்டாப் அடியில் ஒட்டுங்கள். இன்னொன்று, ஜூன் மழையில் ஈரக்காற்று அடிக்கிற ஊர் இது, ஸ்லாட்டில் கார்டை நிரந்தரமாக விட்டுவிட்டு மூடியைத் திறந்து போடாதீர்கள்.

கஞ்சிக்கோடு_லேத்:
காம் 3 கொடுத்தாயிற்று. 9600, 7 பிட், ஈவன் பேரிட்டி, எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப். முன்னால் அலாரம் அடித்த அதே பெரிய புரோகிராம் முழுசாக ஏறிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. இமேஜ் எடுக்க மாஷ் உதவினால் நல்லது.

சித்தூர்_மாஷ்:
வருகிறேன். லினக்ஸ் லைவ் சிடியில் இருந்துதான் எடுப்பேன், பீளமேட்டுக்காரர் கோபிக்கக் கூடாது.

பீளமேடு_ஹார்டுவேர்:
எடுங்க, எடுங்க. லேத்துக்கும் லேப்டாப்புக்கும் எர்த் வேறு வேறாக இருந்தால் மட்டும் கேபிளை ஓடும்போது பிடுங்கிச் செருக விடாதீர்கள். இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் செருக வேண்டும், இல்லாவிட்டால் போர்ட் எரியும். அந்தக் கார்டுக்கு மாற்று இனி எங்கே தேடுவது?