புதுப்பிப்பு: பல் மருத்துவ உதவியாளர் பயிற்சிச் சேர்க்கை

பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதுமா என்று தங்கைக்காக முன்பு கேட்டிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி!

சான்றிதழ், அடையாள அட்டை வேலையெல்லாம் சீக்கிரம் முடிந்தது. இழுத்தடித்தது ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோய்) தடுப்பூசிதான். வழக்கமான முறையில் மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, முதல் ஊசியிலிருந்து 6 மாதத்தில் கடைசி. அப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க. எச்சிலும் ரத்தமும் படிந்த ஊசி, கருவிகளைத் தினமும் கையாளும் வேலை என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. படிவம் வாங்கும் முன்பே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.

நேர்காணலில் கையுறை மாட்டி, சின்னச் சின்னக் கருவிகளைத் தட்டில் வரிசையாக வைக்கச் சொன்னார்களாம். முதலுதவிச் சான்றிதழும் கேட்டார்கள், அதற்கு இந்த வாரம் போகிறாள்.